பழைய வேனும் பற்று வரவும்

வெளியூரில் குடியேறி வாழும் நம்மனோர்க்குச் சொந்த வண்டி என்பது ஆடம்பரமன்று. பெட்டி படுக்கைகளுடன் நிலையத்திற்குச் செல்லவும், ஞாயிறுதோறும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிற்கு அழைத்துச் செல்லவும், நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால் மருத்துவமனைக்கு விரையவும் அது வேண்டியிருக்கிறது. புதிய வண்டிக்குப் போதிய பொருளில்லாதவர் பழைய வேனை நாடுகின்றனர். வாங்குவது எளிது, வைத்துக் காப்பது அரிது. இத்துறையில் நாம் கற்றவற்றை, நாம் செய்த பிழையையும் மறையாமல், அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நாகபுரி அஜ்னி இரயில்வே குடியிருப்பில் நான்கு தமிழ்க் குடும்பத்தார் கூடி, 2019ஆம் ஆண்டில் குடும்பத்திற்கு 22,500 ரூபாய் போட்டு, 2008ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாருதி ஆம்னி ஒன்றை வாங்கினோம். இவ்வகை வேன் 1984இல் 'மாருதி வேன்' என வெளிவந்து, பின்னர் 'ஆம்னி' எனப் பெயர் பெற்றது. 2019இல் அதன் உற்பத்தி நின்றது. மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் உடைய அதன் இயந்திரம் முன் இருக்கைகளின் அடியில் இருக்கிறது. அதனால் உள்ளே இடம் மிகுதி. ஆனால் இருக்கையைத் தூக்கினாலன்றி இயந்திரம் கண்ணில் படாது. கண்ணில் படாதது கருத்திலும் படுவதில்லை.

நாம் குமாஸ்தா ஆகையால், வேனின் கணக்குப் புத்தகம் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் ஒரு நாள், ரேடியேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்திருப்பதாகவும், மாற்ற 280 ரூபாய் ஆகும் என்றும் மெக்கானிக் கூறினார். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றோம். அம்மாதக் கணக்கில் மிச்சம் காட்ட வேண்டும் என்பது நம் ஆசை.

அந்த ஞாயிறன்றே அண்டை வீட்டுப் பாட்டியம்மாளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இராம்டேக் கோயிலுக்குப் புறப்பட்டோம். காம்ட்டியைக் கடந்ததும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நிழலுள்ள இடத்தில் நிறுத்தலாம் என்று மேலும் நாலு கிலோமீட்டர் ஓட்டினோம். இது இரண்டாம் பிழை. கன்ஹான் ஆற்றுப் பாலத்தருகே இருக்கையடியிலிருந்து ஆவி பீறிட்டது, வண்டி நின்றது. உச்சி வெயிலில், சாலையோரத்தில், பாட்டியம்மாள் ஈரத்துணியைத் தலையிலிட்டு அமர்ந்திருந்தார். ஒரு சொல்லும் கடியவில்லை. தாம் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை நீட்டி, "வண்டிக்கு ஊற்றப்பா" என்றார். வெயிலைக் காட்டிலும் அச்சொல் நம்மைச் சுட்டது.

நிற்க. முதலில் சென்ற பட்டறையில் இயந்திரத்தையே மாற்ற வேண்டுமென்று 28,000 ரூபாய் கேட்டனர். மனம் ஒப்பாமல் வேறொரு முதிய மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றி, எஃகு அளவுகோலை அதன்மீது வைத்துப் பார்த்து, அது வெப்பத்தால் சற்றே வளைந்திருப்பதைக் காட்டினார். அதைச் சமன்செய்து, ஹெட் காஸ்கெட், தெர்மோஸ்டாட், குழாய் ஆகியவற்றைப் புதிதாக மாற்றிக் கூலியுடன் 11,400 ரூபாய் பெற்றார். இழுத்து வந்த கூலி 2,500. ஆக 13,900 ரூபாய். 280 ரூபாயை மிச்சம் பிடித்ததன் விலை ஏறத்தாழ ஐம்பது மடங்கு!

ஆகவே முள் சிவப்பைத் தொட்டால் அவ்விடத்திலேயே நிறுத்துக. சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. தண்ணீர் அடிக்கடி குறைதல், வெண்புகை வருதல், எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாதல் ஆகியவை ஹெட் காஸ்கெட் பழுதுக்கு அறிகுறிகள்.

பிற பழுதுகளுக்கு நம் புத்தகத்திலுள்ள கணக்கு வருமாறு: பக்கக்கதவின் தண்டவாளத்தில் மண் சேர்ந்து உருளைகள் தேய்ந்ததற்கு 650 ரூபாய். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டின் 'கிராஸ்' தேய்ந்தால் கியர் மாற்றுகையில் 'டக்'கென்று ஒலிக்கும், அதற்கு 1,300. டைமிங் பெல்ட்டுக்கு 1,900. இது அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்குமாதலால் அறுமுன் மாற்றுவதே அறிவுடைமை. பாரம் மிகுந்து தளர்ந்த பின்புற வில்பட்டைகளுக்கு 3,800. கிளட்ச்சுக்கு 4,200. மிதியடியின் கீழ்த் தரைத்தகடு துருவேறியதைப் பற்றவைக்க 4,500. வாங்குவோர் முதலில் மிதியடியைத் தூக்கிப் பார்ப்பார்களாக.

பதினைந்து ஆண்டு நிறைந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. ஊரிலிருந்து வண்டி கொண்டுவந்து வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருப்போர் அங்கே மறுபதிவு செய்தல் வேண்டும். இவற்றையும் கணக்கிற் சேர்க்க. செலவுக்கு அஞ்சிச் சமையல் எரிவாயு உருளையை வேனில் வைத்து ஓட்டுவோரும் உளர். அது சட்டவிரோதம், உயிருக்கும் உலை.

இரயில்வேயில் சோதனையின்றி வண்டி புறப்படுவதில்லை. அத்துறையில் சம்பளம் பெறும் நாமே சொந்த வண்டியில் அதை மறந்தோம். இப்போது வேனில் ஒரு பதிவேடு தொங்குகிறது. மாதப் பிறப்பன்று ஒரு குடும்பத்தார் முறைவைத்து இருக்கையைத் தூக்கி, தண்ணீர், எண்ணெய், பிரேக் திரவம், குழாய்கள், பெல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்த்துக் கையொப்பமிடுகின்றனர். குடும்பத்திற்கு மாதம் 400 ரூபாய் பழுது நிதியாகச் சேர்கிறது, ஆண்டுக்கு 19,200. பட்டறையில் முன்கூட்டியே மதிப்பீட்டை எழுதி வாங்குகிறோம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுகிறோம். ஓராண்டுச் செலவு இந்நிதியை மீறுமாயின், அன்றே வேனை விற்றுவிடுவதென்று நால்வரும் முடிவு செய்துள்ளோம். இதுவரை மீறவில்லை.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் பாட்டியம்மாளை மீண்டும் இராம்டேக்கிற்கு அழைத்துச் சென்றோம். கன்ஹான் பாலம் வந்ததும் அவர் நம்மைப் பார்த்தார். நாம் முள்ளைப் பார்த்தோம். அது தன் இடத்திலேயே நின்றது.