குளிர்ந்த காற்றும் குதிரைத்திறனும்

நுழையும்முன்

வண்டி பெட்ரோலால் ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மையே. எரிபொருள் எரியக் காற்று வேண்டும். அக்காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தே இயந்திரத்தின் வலிமை கூடுவதும் குறைவதும் அமைகிறது. இயற்பியல் வகுப்பில் நாம் பயிலும் எளிய விதியொன்று, உலகப் பந்தயம் ஒன்றின் வாகையர் யார் என்னும் வழக்கின் நடுவே வந்து நின்றது. அந்நிகழ்விலிருந்து இப்பாடம் தொடங்குகிறது.

ஒரு புள்ளி வேறுபாடு

2007ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரிலுள்ள இன்டர்லாகோஸ் ஓடுதளத்தில் அவ்வாண்டின் இறுதி ஃபார்முலா ஒன் மகிழுந்துப் பந்தயம் நடைபெற்றது. ஆண்டு முழுவதும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியபோது, பின்லாந்தின் கிமி ரைக்கோனன் 110 புள்ளிகளுடன் உலக வாகையர் ஆனார். இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டனும் ஸ்பெயினின் பெர்னாண்டோ அலோன்சோவும் தலா 109 புள்ளிகள் பெற்றிருந்தனர்.

பந்தயம் முடிந்த பின்னர் ஓர் ஐயம் எழுந்தது. நான்காம், ஐந்தாம், ஆறாம் இடங்களைப் பெற்ற மூன்று வண்டிகளின் எரிபொருள், விதி இசைவளித்த அளவைவிடக் குளிர்ந்திருந்ததோ என்பதே அது. சுற்றுப்புற வெப்பநிலையைவிட 10 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிபொருள் குளிர்ந்திருத்தல் கூடாது என்பது பந்தய விதி. ஏழாம் இடத்தில் வந்தவர் ஹாமில்டன். முன்வந்த மூவரும் நீக்கப்பட்டால் அவர் நான்காம் இடத்திற்கு உயர்வார். 2 புள்ளிகளுக்கு மாறாக 5 புள்ளிகள் பெறுவார். 112 புள்ளிகளுடன் வாகையர் பட்டமும் அவருடையதாகும்.

எரிபொருள் சற்றே குளிர்ந்திருப்பதால் விளையும் நன்மை என்ன? அதைத் தடுக்க ஒரு விதி ஏன்? விடை காண, இயந்திரம் எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இயந்திரத்தின் மூச்சு

1876ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு இயந்திரத்தின் முறையே இன்றைய பெட்ரோல் வண்டிகளிலும் தொடர்கிறது. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிந்து உந்துதல், புகையை வெளியேற்றுதல் என்பன அந்நான்கு வீச்சுகள். சிலிண்டரின் கொள்ளளவு மாறாதது. எனவே, ஒவ்வொரு முறையும் இயந்திரம் ஏறக்குறைய ஒரே பருமனுள்ள காற்றையே உள்ளிழுக்கிறது. ஆனால், எரிதல் என்னும் வேதிவினை பருமனைக் கேட்பதில்லை, நிறையைத்தான் கேட்கிறது. 1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும்.

பருமன் ஒன்றாயினும் நிறை வேறாகலாம். காற்றைச் சூடாக்கினால் அது விரிகிறது. விரிந்தால் அடர்த்தி குறைகிறது. கடல்மட்டத்தில் 20 டிகிரி வெப்பநிலையில் 1 கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.20 கிலோகிராம்; 40 டிகிரியில் 1.13 கிலோகிராம்.

1 லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். இரு சுழற்சிக்கு ஒருமுறை அது காற்றை உள்ளிழுக்கும். ஒவ்வொரு முறையும் சிலிண்டர்கள் முழுமையாக நிரம்பினால், ஒரு நிமிடத்தில் 1500 லிட்டர் காற்று உட்செல்லும். அது 20 டிகிரியில் 1.8 கிலோகிராமாகவும் 40 டிகிரியில் 1.7 கிலோகிராமாகவும் இருக்கும். காற்றுக் குறைந்தால் எரிக்கத்தக்க எரிபொருளும் குறையும். அதற்கேற்ப ஆற்றலும் குறையும். இயந்திரத்தின் வெப்பம் படாத இடத்திலிருந்து குளிர்ந்த காற்றை உறிஞ்சுமாறு வண்டிகளின் காற்றுக்குழாய் அமைக்கப்படுவது இதனால்தான்.

அழுத்தத்தால் எழும் வெப்பம்

சிறிய சிலிண்டருக்குள் மிகுதியான காற்றைப் புகுத்த மற்றொரு வழி, காற்றை அழுத்தி அனுப்புவது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தும் முறைக்கு 1905ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை பெற்றார். அதுவே இன்றைய டர்போசார்ஜர்.

ஆனால், இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நாம் உணர்ந்திருப்போம். டர்போசார்ஜரிலும் அதுவே நிகழ்கிறது. 30 டிகிரியில் உள்ள காற்றை இரு மடங்கு அழுத்தத்திற்கு உட்படுத்தினால் அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டிவிடும். அழுத்தத்தால் பெற்ற அடர்த்தியின் ஒரு பகுதியை வெப்பம் பறித்துக்கொள்கிறது. மேலும், பெட்ரோல் இயந்திரத்தில் மிகச் சூடான கலவை உரிய நேரத்திற்குமுன் தானாக வெடித்து, உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசையை எழுப்பும். மெக்கானிக்குகள் இதனை நாக்கிங் என்பர். இது தொடர்ந்தால் பிஸ்டன் சிதையும்.

எனவே, அழுத்திய காற்றைச் சிலிண்டருக்கு அனுப்பும்முன் குளிர்விக்கின்றனர். அதற்கான கருவி இன்டர்கூலர். அழுத்தம் மாறாமல் 120 டிகிரிக் காற்றை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், காற்று மெலிந்த உயர்வானில் பறப்பதற்காக உருவான மெர்லின் 61 இயந்திரத்தில், இரண்டு நிலைகளில் அழுத்தப்பட்ட காற்று நீர்மத்தால் குளிர்விக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு அவ்வியந்திரம் பொருத்திய ஸ்பிட்ஃபயர் வானூர்திகள் களமிறங்கின. இன்று நம் நெடுஞ்சாலைகளில் செல்லும் பல லாரிகளின் முகப்பிலும் ரேடியேட்டரை ஒட்டி இன்டர்கூலரைக் காணலாம்.

எரிபொருள் தரும் குளிர்ச்சி

மண்பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. பானை நீர் குளிர்கிறது. காற்றோட்டத்தில் தெளிக்கப்படும் பெட்ரோலும் ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எரிபொருள் முன்னரே குளிர்ந்திருந்தால் அது மேலும் சிறிதளவு வெப்பத்தை ஏற்கும். எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல் இரு மடங்கிற்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. ஆதலால் அதன் குளிர்விக்கும் திறன் மிகுதி.

குளிர்ந்த பெட்ரோல் சுருங்கவும் செய்கிறது. 10 டிகிரி குளிர்ந்தால் ஒரே கொள்ளளவில் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுதல் நிறை அடங்கும். 2007ஆம் ஆண்டுப் பந்தயங்களில் வண்டிகள் இடையில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டன. நொடிகளின் பின்னங்கள் வெற்றியை முடிவு செய்யும் களத்தில் இச்சிறு நன்மையும் பொருட்டாகும். எனவேதான் 10 டிகிரி என்னும் வரம்பு விதிக்கப்பட்டது.

குளிர்ச்சிக்கும் எல்லை உண்டு

குளிர்ச்சி கூடுந்தோறும் நன்மையும் கூடும் என எண்ணுதல் பிழை. மிகக் குளிர்ந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. இயந்திரம் கிளம்பத் தடுமாறும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். இன்டர்கூலரின் நுண்வழிகளைக் கடக்கையில் காற்று தன் அழுத்தத்தில் சிறிது இழக்கும். குளிர்ந்த காற்று தடையின்றிப் புகட்டும் என்று காற்று வடிகட்டியைக் கழற்றிவிடுவோரும் உளர். உட்புகும் தூசி சிலிண்டரைத் தேய்த்து இயந்திரத்தின் வாழ்நாளைக் குறைக்கும். பெறுவதையும் இழப்பதையும் ஒருசேர எடைபோடுவதே பொறியியல்.

அளவீட்டின் பாடம்

இனி இன்டர்லாகோஸ் வழக்கிற்குத் திரும்புவோம். எரிபொருளின் வெப்பநிலையை அறிந்தால் மட்டும் போதாது. அன்றைய சுற்றுப்புற வெப்பநிலையும் ஐயமறத் தெரிய வேண்டும். பந்தயத் திரைகளில் காட்டப்பட்ட அளவும் வானிலைப் பதிவின் அளவும் ஒத்துப்போகவில்லை. வண்டிக்குள் இருந்த எரிபொருளின் துல்லியமான வெப்பநிலையும் உறுதிப்படவில்லை. ஐயத்தின் அடிப்படையில் தண்டனை வழங்க இயலாது என நடுவர்கள் முடிவு செய்தனர். ஹாமில்டனின் அணி செய்த மேல்முறையீடும் நவம்பரில் ஏற்கப்படவில்லை. ரைக்கோனனின் பட்டம் நிலைத்தது.

சூடானால் காற்று விரியும் என்னும் விதி எவருக்கும் பொதுவானது, அதில் ஐயமில்லை. ஐயம் எழுந்தது அளவீட்டில்தான். விதியை அறிவது அறிவியலின் முதற்படி. எதனை, எங்கே, எதனால் அளந்தோம் என்று சொல்லத் தெரிவது அடுத்த படி. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இயந்திரம் திறம்பட இயங்கும், நீதியும் நிலைபெறும்.

கற்பவை கற்றபின்

1. மிதிவண்டிப் பம்பு சூடாவதற்கும் இன்டர்கூலரின் தேவைக்கும் உள்ள தொடர்பை ஒரு பத்தியில் விளக்குக.
2. உங்கள் ஊரிலுள்ள வாகனப் பழுதுநீக்ககத்திற்குச் சென்று, காற்று வடிகட்டி, ரேடியேட்டர், இன்டர்கூலர் ஆகியவற்றின் அமைவிடங்களைக் கண்டறிந்து படம் வரைக.
3. “அளவீடு ஐயத்திற்குரியதாயின் தண்டனை வழங்கலாகாது” என்னும் கருத்தில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.