மணல் ஈ பரப்பும் ரோகம்

ஈயும் கிருமியும்

கொசுவின் மூன்றிலொரு பங்கே உருவமும், பறக்கையில் ஓசை எழுப்பாத சுபாவமும் உடைய மணல் ஈ, மண்சுவரின் வெடிப்புகளிலும் மாட்டுக்கொட்டிலின் மூலைகளிலும் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து, அந்தி சாய்ந்ததும் வெளிப்பட்டுக் கடிக்கிறது. இரத்தத்தை நாடுவது பெண் ஈ மட்டுமே. அதன் கடியின் வழியே சரீரத்துள் புகும் லீஷ்மேனியா என்னும் நுண்கிருமி, தன் இனத்துக்கும் மனிதரின் எதிர்ப்புச் சக்திக்கும் ஏற்ப வெவ்வேறு ரூபங்களில் ரோகத்தை விளைவிக்கிறது.

காலா அசார்

அவற்றுள் மிகக் கொடியது, பீகார், வங்காளப் பிரதேசங்களில் ஜனங்கள் காலா அசார் என்று அஞ்சி வழங்கும் உள்ளுறுப்பு ரோகம். இரண்டு வாரங்களுக்கு மேலும் விடாத காய்ச்சல், மெலியும் தேகம், இரத்தசோகை, மண்ணீரல் வீங்கி வயிறு புடைத்தல் ஆகியன இதன் லக்ஷணங்கள். சிகிச்சையின்றி விட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் மரணமே முடிவு. இதன் சரித்திரத்தில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. லீஷ்மன் என்னும் பிரிட்டிஷ் இராணுவ வைத்தியர் தாம் கண்ட கிருமியைப் பற்றி எழுதி வெளியிட்ட அதே 1903-ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டானவன், உயிரோடிருந்த நோயாளி ஒருவரின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்ததில் அக்கிருமியையே கண்டார். அதனால்தான் ரொனால்டு ராஸ், இருவர் பெயரையும் இணைத்து அதற்கு லீஷ்மேனியா டானவனி என்று நாமம் சூட்டினார். பிற்பாடு கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டறிந்த யூரியா ஸ்டிபமைன் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இன்றோ ஆம்போடெரிசின் மருந்தைக் கொழுப்புத் துளிகளில் பொதிந்து, ஒரே தடவை சிரை வழியே செலுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

சருமத்தோடு நிற்பது

ராஜஸ்தானத்துப் பிகானேரிலும், சிரியா, ஆப்கானிஸ்தானம் முதலிய தேசங்களிலும் காணப்படும் ரூபம், கடித்த இடத்தில் சிறு கட்டியாகத் தோன்றிப் புண்ணாகி, பல மாதங்களுக்குப் பின் தழும்பை விட்டுவிட்டு ஆறுவது. உயிருக்கு அபாயமில்லை, ஆனால் முகத்தில் விழுந்த தழும்பு ஒரு பெண்ணின் வாழ்வில் இழைக்கும் தீங்கை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பீகாரில் உயிரைக் குடிக்கும் டானவனி கிருமியே, இலங்கையில் பெரும்பாலும் சருமத்தளவில் அடங்கிவிடுவது விசித்திரமானது.

நாசியைச் சிதைப்பது

பிரேசில், பொலிவியா, பெரு நாடுகளில், சருமப் புண் ஆறிய பல ஆண்டுகளுக்குப் பின்னரும் மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் உட்சவ்வை லீஷ்மேனியா கிருமி அரித்துவிடுவதுண்டு.

குணமானபின் வருவது

காலா அசாரிலிருந்து தேறிய சிலருக்கு, மாதங்களோ வருஷங்களோ கழித்து, முகத்திலும் உடலிலும் வெளிறிய தேமல்களோ சிறு முடிச்சுகளோ தோன்றும். குஷ்டமென்று மயங்க இடமுண்டு. ஆயினும் இவற்றில் உணர்ச்சி மரத்துப்போவதில்லை. வலியோ காய்ச்சலோ இல்லாமையால் நோயாளி வைத்தியரை நாடுவதில்லை; அவரைக் கடிக்கும் ஈயோ கிருமியைச் சுமந்து அயல்வீட்டுக்குச் செல்கிறது. மரணத்தை விளைவிக்காத இந்த ரூபமே, ஓய்ந்த ஊரில் மறுபடியும் காலா அசாரை மூட்டிவிட வல்லதென்பதால், கொடியதினும் அதிக ஜாக்கிரதைக்கு உரியதென்பது என் அபிப்பிராயம். இதற்கு மில்டிஃபோசின் மாத்திரையை 12 வாரம் உட்கொள்ள வேண்டும். நோயென்றே தோன்றாத தேமலுக்காக அவ்வளவு காலம் மருந்துண்ண ஒருவரை இசைய வைப்பது எளிதன்று.