பூட்டுவதற்கு ஒரு விலை

2021 செப்டம்பர் 9, வியாழக்கிழமை. மறுநாள் விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த வீடுகளில்தான் டி.வி. வழியாக அந்தச் செய்தி வந்து இறங்கியது. இந்தியாவில் இனி கார் தயாரிக்கப்போவதில்லை என்று ஃபோர்டு அறிவித்திருந்தது. குஜராத்தின் சனந்த் ஆலை அந்த ஆண்டுக்குள் நிற்கும், சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலை அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் நிற்கும், சுமார் 4,000 பேர் வேலை இழப்பார்கள். பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது கம்பெனி சொன்ன காரணம்.

அதே அறிவிப்பில் இன்னொரு தகவலும் இருந்தது. இந்தியாவில் அலுவலகப் பணிகளில் இருக்கும் 11,000 பேர் கொண்ட தன் பிரிவை ஃபோர்டு மேலும் வளர்க்கப்போகிறதாம். அந்தப் பிரிவின் பெரிய வளாகம் சோழிங்கநல்லூரில் இருக்கிறது. மறைமலைநகர் இருக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் ஆள் குறைப்பு, சோழிங்கநல்லூர் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஆள் எடுப்பு. கம்பெனி ஒன்றுதான், சாலைதான் வேறு.

நஷ்டத்தை நம்பாமல் இருக்க முடியாது. மஹிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து 1995-ல் வந்த ஃபோர்டு, மறைமலைநகர் ஆலையில் 1999-ல் ஐகானை இறக்கியபோது பெரிய பெயர் வாங்கியது. 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈக்கோஸ்போர்ட் இரண்டும் நன்றாகவே ஓடின. மறைமலைநகரில் செய்த ஈக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. ஆனால், மாருதியும் ஹூண்டாயும் மட்டுமே பாதிக்கு மேல் பிடித்துவைத்திருந்த சந்தையில், நான்கைந்து மாடல்களை வைத்துக்கொண்டு ஃபோர்டு இரண்டாவதாகவும் ஓர் ஆலை கட்டியது. 100 கோடி டாலர் முதலீட்டில் சனந்த் ஆலை 2015-ல் ஓடத் தொடங்கியது. ஓர் ஆலைக்கே போதுமான ஆர்டர் இல்லாத நிலையில் இரண்டு ஆலைகள்! கடைசியில் இரண்டிலும் சேர்ந்து திறனில் கால் பங்குகூட ஓடவில்லை. மறுபடி மஹிந்திராவோடு சேர 2019-ல் போட்ட திட்டம் 2020-ன் கடைசி நாளில் கைவிடப்பட்டது. இந்த முடிவுகளில் ஒன்றைக்கூட லைனில் நின்று போல்ட் முடுக்கியவர் எடுக்கவில்லை.

செங்கல்பட்டு, சிங்கபெருமாள்கோவில், கூடுவாஞ்சேரிப் பக்கம் ‘ஃபோர்டுல வேலை’ என்றால் அதற்குத் தனி மரியாதை இருந்தது. பெண் கொடுப்பார்கள், வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும், கம்பெனி பஸ் நிற்கும் இடம் ஊருக்கு ஓர் அடையாளம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து இருபது, இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவர்கள், பெர்மனென்ட் ஆகி, சங்கம் அமைத்து, ஊதிய ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகப் பேசி உயர்ந்த சம்பளம் அது. ஆலை மூடும் செய்தி வந்தபோது அவர்களில் பெரும்பாலோருக்கு முப்பதுகள். கடனில் பாதிகூட அடைந்திருக்காது, பிள்ளைகள் பள்ளியில். வயதான தொழிலாளி என்றால் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர்ப் பக்கம் போகலாம். சின்னப் பையன் என்றால் வேறு கம்பெனி வாசலில் நிற்கலாம். இவர்கள் இரண்டிலும் சேராத வயது.

அதனால்தான் அவர்கள் முதலில் கேட்டது பணம் அல்ல, வேலை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபோர்டு பெயர் வந்ததும் ஆலைக்குள் ஒரு நப்பாசை முளைத்தது. ஏற்றுமதிக்காக இங்கே மின்சார கார் செய்வார்கள் என்றார்கள். மே மாதம், அந்த எண்ணம் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மே 30 அன்று லைன் நின்றது. தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்தார்கள். மூடப்போகிற ஆலையில் வேலைநிறுத்தம் செய்து என்ன பயன் என்று வெளியிலிருந்து சிலர் கேட்டார்கள். பயன் இருந்தது. ஏற்றுமதி ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இருந்தது. அந்தக் கடைசி வண்டிகள்தான் தொழிலாளிகளின் கையில் மிஞ்சியிருந்த ஒரே துருப்பு. ஜூன் நடுவில் ஒரு பகுதி ஆட்களை வைத்து நிர்வாகம் லைனை ஓட்டியது. வராதவர்களுக்குச் சம்பளம் இல்லை என்றது. ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது.

பேரம் எந்தத் தொகையைச் சுற்றி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை நினைத்த மாத்திரத்தில் மூட முடியாது. தொண்ணூறு நாள் முன்னதாக மாநில அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்து மூடினால், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. கிராஜுவிட்டி தனி. ஃபோர்டு முதலில் முன்வைத்தது ஆண்டுக்குச் சுமார் 115 நாள் மொத்தச் சம்பளம். ரொக்கமாக ஒரு தொகை, 2.40 லட்சம் மதிப்பில் தங்கக் காசு, 2024 மார்ச் வரை மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள் அடக்கம். சங்கம் இது போதாது என்றது. பேச்சு செப்டம்பர் வரை இழுத்தது.

சட்டம் 15 சொல்கிறது, கம்பெனி 115-ல் ஆரம்பிக்கிறது. இடையிலுள்ள அந்த நூறு நாள் எதற்காக? தாராள மனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். தொழிலாளி தானாக விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது சட்டத்தின் பார்வையில் ஆள் குறைப்பு ஆகாது. கடைசி ஆள் வரை கையெழுத்துப் போட்டுவிட்டால் மூடுவதற்கு எதிராக வழக்குப் போட யாரும் மிச்சமில்லை. அரசும் ‘வேண்டாம்’ என்று சொல்லிச் சங்கடப்பட வேண்டாம், ‘சரி’ என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்க வேண்டாம். பேச்சுவார்த்தைக்கு அறையும் அதிகாரியும் ஏற்பாடு செய்தால் போதும். அந்த நூறு நாள் சம்பளம் சட்டத்தைத் தொடாமல் தாண்டிப் போவதற்கான சுங்கக் கட்டணம் என்றே எனக்குப் படுகிறது. அதை நல்ல விலைக்கு விற்ற சங்கத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழியை ஃபோர்டு கண்டுபிடிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு வேலை கொடுத்தது. பாதிக்கு மேல் பெண்கள். பிளஸ் டூ முடித்த கையோடு சுற்று வட்டார மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். 2013-ல் மென்பொருள் உரிமத் தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல் கேட்டது. 2014-ல் மாநில அரசும் தன் பங்குக்கு விற்பனை வரி என்று 2,400 கோடி கேட்டது. இதற்கிடையே 2013-லேயே நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டிருந்தது. 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடுத்தால் ஆலையையும் கைமாற்றலாம் என்றது உச்ச நீதிமன்றம். நோக்கியா கொடுக்கவில்லை. உலகம் முழுக்க இருந்த பெரும்பாலான ஆலைகள் கைமாற, ஸ்ரீபெரும்புதூர் அந்தரத்தில் நின்றது. 2014 நவம்பர் 1 முதல் மைக்ரோசாஃப்ட் ஆர்டரையும் நிறுத்தியது.

அதற்குள் ஆலை ஏறக்குறைய காலி. அந்த ஆண்டு கோடையிலேயே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 5,000 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் ‘ஓய்வு’! பணி ஆண்டுகளைப் பெருக்கி வரும் இழப்பீட்டுக் கணக்கு, பெரும்பாலும் எட்டு ஆண்டுகூட நிறைவு செய்யாத அந்தப் பெண்களுக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. பக்கத்தில் நோக்கியாவை நம்பி இருந்த ஃபாக்ஸ்கான் ஆலை டிசம்பரில் நின்றது. அங்கே வேறு 1,700 பேர்.

கையெழுத்துக் கேட்கப்படுவதே ஒரு தகுதி என்பதைத்தான் நாம் அடிக்கடி மறக்கிறோம். மறைமலைநகரில் பெர்மனென்ட் தொழிலாளிகள் சுமார் 2,700 பேர். கான்ட்ராக்ட்காரர்கள், பயிற்சியாளர்கள், கேன்டீன் ஊழியர்கள், உதிரி பாகம் செய்து அனுப்பிய சிறு பட்டறைகளின் ஆட்கள் ஆகியோரிடம் யாரும் படிவத்தை நீட்டவில்லை. நாடு முழுக்க 170 ஃபோர்டு டீலர்களிடம் 40,000 பேர் வேலை செய்வதாக விற்பனையாளர் கூட்டமைப்பு அப்போது சொன்னது. ‘4,000 பேர் வேலை இழப்பு’ என்று தலைப்பிட்ட செய்திகளில் இவர்கள் யாரும் கிடையாது.

சனந்தில் கதை வேறாகப் போனது. அந்தக் கார் ஆலையை டாடா மோட்டார்ஸ் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது, தகுதியுள்ள தொழிலாளர்களையும் சேர்த்து எடுத்துக்கொள்வது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதாவது, ஆலையோடு ஆளையும் கைமாற்ற முடியும். அதற்கு வாங்குபவர் ஒருவர் வேண்டும், ஆள் காலியாவதற்கு முன்பே வர வேண்டும். மறைமலைநகருக்கு அப்படி ஒருவர் வரவில்லை. ஜே.எஸ்.டபிள்யூ.வுடன் பேச்சு நடந்தது, 2023 இறுதியில் ஃபோர்டே பின்வாங்கியது. அப்போது ஆலைக்குள் ஆள் இல்லை என்பதால் யாரும் பதறவும் இல்லை.

கட்டடங்கள் எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன. நோக்கியா வளாகத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்கியது, இப்போது அங்கே சார்ஜர் தயாராகிறது. மறைமலைநகருக்கு ஃபோர்டே திரும்பி வருகிறது: 2024 செப்டம்பரில் விருப்பக் கடிதம், 2025 அக்டோபர் 31 அன்று 3,250 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள், 600-க்கு மேற்பட்ட வேலைகள், உற்பத்தி 2029-ல். கையெழுத்துப் போட்டு வெளியேறியபோது 38 வயதாக இருந்தவருக்கு அப்போது 45. பதினெட்டு, இருபது வயதுப் பயிற்சியாளர்களைத் தேடும் வாசலில் அவருக்கு இடம் இருக்குமா என்று கேட்க ஜோசியம் தேவையில்லை. பழைய ஆட்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை, நிலமும் சலுகையும் தந்த அரசுக்கு நிச்சயம் உண்டு.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றாவது வாரம், நவம்பர் 21 அன்று, புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மூடுவதற்கு அரசு அனுமதி தேவைப்படும் ஆலையின் அளவு 100 பேரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. மறைமலைநகரின் 600 பேரில் கம்பெனியின் சொந்தக் கணக்கில் வரும் பெர்மனென்ட் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை என்பதைப் பொறுத்து, அடுத்த முறை அந்த நூறு நாள் பேரத்துக்கே அவசியம் இல்லாமலும் போகலாம்.