குறட்டை நின்றுபோகும் அந்தச் சில விநாடிகள்

"தலையணையில தலை பட்டதும் குறட்டைதான், கொடுத்து வெச்சவர்" என்று பல வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் குறட்டையைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். சிலருக்கு ஏறிக்கொண்டே போகும் சத்தம் சட்டென்று நின்றுவிடும். நெஞ்சு ஏறி இறங்கும். மூச்சு மட்டும் வராது. பத்து இருபது விநாடி கழித்து ஒரு திணறல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

இதுதான் 'ஸ்லீப் ஆப்னியா' என்னும் தூக்க மூச்சுத்தடை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. உடல் பருமனாலோ தாடை அமைப்பாலோ சிலருக்கு அவை மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை உசுப்பிவிட, பாதை திறக்கிறது. மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ இப்படி நடந்தால் நோய் தீவிரம் என்று பொருள்.

லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கண்கள் இமைக்குள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் எனச் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, இரவில் நான்கைந்து சுற்றுகள் வரும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். மூச்சுத்தடை இந்தச் சுற்றுகளைத் துண்டாடிவிடுகிறது. எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொக்குவதும், எழுந்ததும் தலை வலிப்பதும் அதனால்தான். ரத்த அழுத்தமும் கூடும். வண்டி ஓட்டுபவருக்கு இந்தப் பகல் தூக்கம் உயிராபத்து.

கண்டறிய ஓர் இரவு போதும். தலையில் மின்முனைகள், மார்பில் பட்டை, விரலில் கிளிப் பொருத்தித் தூங்க வைத்துப் பதிவு செய்வார்கள். 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் அறிமுகப்படுத்திய 'சிபாப்' கருவி, முகமூடி வழியே காற்றைச் செலுத்திப் பாதையை மூடவிடாமல் காக்கிறது. எடையைக் குறைப்பதும், மதுவை விடுவதும், ஒருக்களித்துப் படுப்பதும் உதவும்.

தூக்கக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. படுத்ததும் கால் குடைந்து, அசைத்தால்தான் இதமாக இருக்கிறதென்றால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கமின்றி மூன்று மாதம் தாண்டினால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சை, தூக்கப் பழக்கத்தையும் எண்ணங்களையும் சீராக்கும் பயிற்சி. தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடுவது தவறு. சில மாத்திரைகள் மூச்சுத்தடையை மோசமாக்கும்.

வீட்டில் யாருக்காவது குறட்டை இடையிடையே நின்று திணறலோடு தொடர்ந்தால், செல்போனில் பதிவு செய்து நுரையீரல் மருத்துவரிடமோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். தூங்குபவருக்குத் தெரியாத நோய் இது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.