ஜீப்பின் முன்சக்கரத்தில் ஒரு முனகல்

சென்ற கார்த்திகையில் அக்காவைப் பார்க்கக் கம்பம் போயிருந்தேன். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிடுகிறது. போடிக்கு ரயில் 2010 இறுதியில் நின்று, 2023 ஜூனில் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. ரயில்வேயில் உழைத்தவனுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஆனால் போடியோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. மலைமேல் மூணாறு பக்கம் ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலையும் 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. எனவே இடுக்கிக்கு ஏற ஜீப்தான்.

அக்கா மகன் ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன் கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவான். தேனிப் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழியிலும் காலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறுவதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள்.

மறுநாள் நானும் அவனோடு முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். பின்னால் பதினோரு பெண்கள். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் இடது முன்சக்கரப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் ஏறியது. இடப்பக்கம் திரும்பும்போது அடங்கியது.

"என்னடா சத்தம்?" என்றேன்.

"பட்டன் டயர் அப்படித்தான் கத்தும் மாமா" என்றான்.

பின்னாலிருந்து ஒரு பெண், "நாலு நாளா வண்டி அழுகுதுண்ணே. நாங்க சொன்னா யாரு கேக்குறா?" என்றார்.

டயர் சத்தம் இப்படித் திரும்பும் பக்கத்தைப் பார்த்து ஏறி இறங்குவது அபூர்வம். வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது சத்தம் ஏறினால் இடது பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் காரிலும் இப்படியே பார்க்கலாம்.

தோட்டத்தில் ஆட்களை இறக்கியதும் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். 'டக் டக்' என்று ஆடியது. கையால் சுற்றினால் மணலை அரைப்பதுபோல் இருந்தது. அக்கா மகனை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டினேன்; ஆட்டம் நின்றது. பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின்னையோ பால் ஜாயின்டையோ பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் பேரிங்.

"எடுப்புக் காலம் மாமா. தை முடியட்டும், ஒர்க் ஷாப்பில் விட்டுவிடுகிறேன்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஜீப் ஓடாத நாளில் அவனுக்கு மட்டுமா வருமானம் இல்லை? அந்தப் பதினோரு பேருக்கும் அன்றைய கூலி போய்விடும்.

நான் ஏன் விடாப்பிடியாக நின்றேன் என்று சொல்ல வேண்டும். டிப்ளமா முடித்து 1980களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, பழைய சரக்கு வேகன்களில் உருளை பேரிங் கிடையாது. அச்சின் கழுத்தின்மேல் ஒரு பித்தளைக் கட்டை உட்கார்ந்திருக்கும்; அடியில் எண்ணெயில் ஊறிய நூல் கழிவு. எண்ணெய் வற்றினால் சூடேறும். வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸிலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு மழை இரவு, நனைந்துபோன அலுப்பில் கடைசி நாலைந்து வேகன்களை லாந்தர் வெளிச்சத்தில் கண்ணால் மட்டும் பார்த்து விட்டுவிட்டேன். அடுத்த சில ஸ்டேஷன்கள் தாண்டுவதற்குள் அதில் ஒன்று புகைந்தது. கேபின்காரர் கண்டு நிறுத்தியதால் ஒரு வேகனைக் கழற்றிவிட்டதோடு போயிற்று. எனக்கு ஒரு சார்ஜ் ஷீட். அச்சுக் கழுத்து உருகி முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேஸ்திரி விளக்கியதைக் கேட்டபின் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்தக் கதையை மலையில் நின்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மாலையில் அந்தப் பெண்களை வேறு இரண்டு ஜீப்புகளில் பிரித்து ஏற்றிவிட்டான். நெருக்கி உட்கார வேண்டியிருந்ததால் எனக்குச் சில வசவுகள் விழுந்தன. நாங்கள் இருவரும் வெறும் வண்டியில் மெதுவாக இறங்கி, நேரே கடைத்தெருவுக்குப் போனோம்.

கடையில் ஒரே எண்ணுக்கு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். மலிவான பெட்டியில் எழுத்து மங்கலாக இருந்தது, உள்ளே பேரிங்கின்மேல் பொறித்த எண்ணும் நேராக இல்லை. போலி பேரிங் எல்லா ஊரிலும் விற்கிறது. பெட்டியைப் பார்க்காதீர்கள், பேரிங்கில் பொறித்திருப்பதைப் பாருங்கள். உள் பேரிங், வெளி பேரிங், அவற்றின் கப், கிரீஸ் சீல், லாக் வாஷர், லித்தியம் கிரீஸ் ஒரு டப்பா ஆகியவற்றை வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் புது கப்புகளை பிளாஸ்டிக் பையில் சுற்றி அக்காவின் ஃபிரீசரில், மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். குளிரில் இரும்பு சுருங்கும். ஹப்புக்குள் சுலபமாக இறங்கும். "ரயில்வேயில் இதைத்தான் படிச்சியா தம்பி?" என்றாள் அக்கா.

வாசலில் பல்பு கட்டி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஆக்சிலுக்கடியில் ஸ்டாண்டு கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கடியில் கையை விடாதீர்கள். சக்கரம், பிறகு டிரைவ் ஃபிளேஞ்ச். உள்ளே இரண்டு பெரிய நட்டுகள், நடுவில் காது மடக்கிய லாக் வாஷர். காதை நிமிர்த்தி, பாக்ஸ் ஸ்பேனரால் நட்டுகளைக் கழற்றியதும் பிரேக் டிரம்மோடு ஹப் வெளியே வந்தது. சீல் கிழிந்திருந்தது. மழைத் தண்ணீர் புகுந்து கிரீஸ் காப்பி நிறத்தில் குழம்பியிருந்தது. உள் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

இந்தக் கூம்பு உருளை பேரிங்குக்கு 1898-ல் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கென் அமெரிக்காவில் குதிரை வண்டி செய்தவர். பாரத்தோடு வளைவில் திரும்பும் வண்டிக்கு மேலிருந்து அழுத்தும் சுமை ஒன்று, பக்கவாட்டில் தள்ளும் சுமை இன்னொன்று. உருளையைக் கூம்பாக்கிச் சாய்த்து வைத்தால் இரண்டையும் ஒன்றே தாங்கும். நமது பாக்ஸ்-என் வேகன்களிலும் எல்.எச்.பி. பெட்டிகளிலும் இருப்பது இதே குடும்பம்தான்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பி வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டி எடுத்தோம். இரும்பின்மேல் இரும்பால் அடித்தால் சில்லு கண்ணில் தெறிக்கும். புதுக் கப்பை வைத்து, அதன்மேல் பழைய கப்பைக் கவிழ்த்துத் தட்டினோம். 'டப் டப்' என்ற சத்தம் 'டங்' என்று மாறினால் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மேல் பக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்பினோம். ஹப்பின் குடைவு முழுவதும் அடைக்கக் கூடாது, சூடேறும்.

கடைசியில் நட்டு. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். பலத்தையெல்லாம் காட்டி முறுக்கிவிட்டால் பேரிங் வறுபட்டுவிடும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே, பிடிக்கும்வரை உள் நட்டை முறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆட்டம் தெரியக் கூடாது. அப்புறம் வாஷர், வெளி நட்டு, காது மடக்கல். அக்கா மகன் முதலில் முறுக்கியதை நான் மூன்று முறை அவிழ்க்க வைத்தேன். முடிக்கும்போது இரவு பதினொன்று.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்சக்கரத்தால் இழுக்கும் கார்கள் பலவற்றில் முன் பேரிங்கை நக்கிளுக்குள் பிரஸ் வைத்துத்தான் இறக்க வேண்டும். வீட்டில் சுத்தியலால் முயலாதீர்கள், புதுப் பேரிங் முதல் நாளே கெட்டுவிடும். ஒர்க் ஷாப்பில் பக்கத்தில் நின்று பாருங்கள்: நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் அழுத்த வேண்டும், ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்தைத் தாங்க வேண்டும். நடு நட்டுக்கு டார்க் ரெஞ்ச் அவசியம். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்துச் சீலில் காந்த வளையம் இருக்கும். பக்கம் மாற்றிப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். போல்ட்டு போட்டுக் கட்டும் ஹப் யூனிட்டாக இருந்தால் மட்டும் வீட்டில் துணியலாம்.

மறுநாள் விடியுமுன் அதே பதினோரு பேரும் ஏறினார்கள். வலப்பக்க வளைவு வந்தபோது பின்னால் பேச்சு நின்றது. அவர்களும் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் நிறுத்தியதும் நான் இறங்குமுன் அக்கா மகன் இறங்கி, ஹப்பில் புறங்கையை வைத்தான். வெதுவெதுப்பு. பிறகு வலது சக்கரத்துக்கும் போய் வைத்துப் பார்த்தான்.

பாலக்காடு திரும்பிய வாரம் போன் செய்தான். வலது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தானாம். பேரிங் நன்றாக இருந்தது, சீல் மட்டும் மாற்றினானாம். அக்கா போனை வாங்கி, ஃபிரீசரில் இன்னும் கிரீஸ் வாடை போகவில்லை என்றாள்.