கள்ளும் கடவுளும் – 14: இரண்டு பகல், இரண்டு இரவு

சென்ற வாரம் உச்சிப்புளிப் பனங்காட்டில், சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை. கள்ளுக்கு 1987-ல் வந்த தடையை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு பீர் பாட்டில் குறுக்கே வந்துவிட்டது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் மார்மன் திருச்சபையின் கோட்டை. அந்தச் சபையாருக்கு மது விலக்கு. காபி, தேநீர்கூட விலக்கு. அங்கே பார்க் சிட்டியில் 1986-ல் தொடங்கிய வாசாட்ச் என்கிற சிறு பீர் ஆலை, ஊராரின் நம்பிக்கையைச் சீண்டுகிற மாதிரியே சரக்குக்குப் பெயர் வைக்கும். பலதார மணத்தைத் திருச்சபை 1890-ல் கைவிட்டது. இவர்கள் அதைக் கிளறி ஒரு கறுப்பு பீருக்கு ‘பாலிகமி போர்ட்டர்’ என்று பெயர் சூட்டினார்கள். இன்னொன்றின் பெயர் ‘எவல்யூஷன் ஆம்பர் ஏல்’. டார்வினின் பரிணாமம்தான். இந்தப் படைப்புக்கு ஏழு நாள் போதவில்லை, 27 நாள் பிடித்தது என்று ஆதியாகமத்தைக் கிண்டலடித்து விளம்பரமும் செய்தார்கள்.

கடவுள் மறுப்பைக் கேட்டு அதிர்ச்சி அடைகிற மண் அல்ல நம்முடையது. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 27 என்கிற எண். ஒரு குடுவை பீருக்கு ஏன் இத்தனை நாள்?

தானியத்தில் இருப்பது மாவு. ஈஸ்ட் என்கிற நொதிக்கு மாவைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். அதனால் பார்லியை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். முளைவிடும்போது விதைக்குள் சுரக்கும் நொதிப்பொருள் மாவைச் சர்க்கரையாக உடைக்கும் வேலைக்குத் தயாராகிறது. முளையைக் காயவைத்து உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு நொதியைச் சேர்த்தால் நுரைக்கத் தொடங்கும். பிறகு வாரக்கணக்கில் தொட்டியில் கிடந்து தெளிய வேண்டும். இத்தனைக்கும் உயிர் அந்த முளையில்தான் இருக்கிறது.

இதைப் படித்த கையோடு பத்துப்பாட்டைப் புரட்டியதில்தான் இந்த வாரம் முழுவதும் போயிற்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிப் பாட்டு. பரிசில் தேடிக் காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழியில் எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். வலைஞர் குடியிருப்பு வரும் இடத்தில், ஏழெட்டு அடிக்குள் மது சமைக்கும் முறை ஒன்று முழுசாக இருக்கிறது.

நன்றாகக் குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்ட வேண்டும். வாயகன்ற தட்டில் கொட்டித் துழாவி ஆறவைக்க வேண்டும். சூடு இருக்கும்போதே எதையும் கலந்துவிடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறிய களியில் ‘நல்லடை’யைச் சேர்க்க வேண்டும். முளையை இடித்துக் கலப்பதையே இது சொல்கிறது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அது பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதையும் புலவர் விடவில்லை. புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோற்றைக் காட்டுகிறார். கறையான் புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுபொறுத்த, துளைத்துளையான உருண்டை உடனே கண்ணில் வரும். பிறகு இரண்டு பகல், இரண்டு இரவு. கெட்டியான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு களைத்து வந்தவனுக்குத் தர வேண்டும்.

முளை, களி, ஆறவைத்தல், மூடிய சாடி, வடித்தல். பார்லியை எடுத்துவிட்டு அரிசியை வைத்தால் பார்க் சிட்டிக்காரர் செய்வதும் இதே வரிசைதான். ‘கிராஃப்ட் பீர்’ என்று இன்று பெருநகரங்களில் பெருமையாக விற்பதை மீன்பிடிக்கும் குடும்பங்கள் வீட்டிலேயே செய்து விருந்தாளிக்கு ஊற்றியிருக்கின்றன. அந்தச் சரக்குக்குத் தனிப்பெயரோ முத்திரையோ கிடையாது. எந்தச் சாமியைப் புகழ்ந்தும் பழித்தும் அது விற்கப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பவேரியாவின் புகழ்பெற்ற 1516-ஆம் ஆண்டுச் சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்றது. நொதியை அது சொல்லவே இல்லை. அப்படி ஒரு உயிர் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தன் ஆராய்ச்சி நூலை வெளியிட்டது 1876-ல். சட்டம் வந்த காலத்தில் பீரை நுரைக்கவைத்தது எது என்று கேட்டால் பக்தனுக்கும் பதில் கிடையாது, மறுப்பவனுக்கும் பதில் கிடையாது. இருவரும் குடித்தார்கள்.

நம் கரைக்கு வருவோம். பனைக்கு அந்த இரண்டு பகல், இரண்டு இரவுகூட வேண்டாம். பாளையில் சொட்டும் சாறே சர்க்கரை நீர் என்பதால் முளைக்கு அங்கே வேலை இல்லை. நொதி காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் காத்திருக்கிறது. “சுண்ணாம்பு போடலேன்னா எறங்குறதுக்குள்ள நொரை கட்டிரும் சார்” என்றார் உச்சிப்புளிப் பனையேறி. சொல்லிக்கொண்டே கலயத்துக்குள் விரலை விட்டு உள்விளிம்பை ஒரு சுற்றுத் துழாவிக் காட்டினார். விரல் வெள்ளையாக வந்தது. அந்தப் பூச்சு இருந்தால் பதநீர், கருப்பட்டி, சட்டப்படி பிழைப்பு. அது இல்லாவிட்டால் கள், வழக்கு.

வெளியூர்ச் சரக்கும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்து அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ‘ஆம்போரா’ சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் திராட்சை மது கொண்டுவந்த சாடி வகை அது. பாண்டிய நாட்டு அரண்மனைக்கு யவனத் தேறல், உழைப்பவனுக்கு உள்ளூர்க் கள் என்கிற பிரிவினை அன்றைக்கே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

சாமிக்கும் மதுவுக்கும் நம் ஊரில் பகை இல்லை. அதியமானின் நடுகல்லுக்குக் கள் படைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார். கருப்பனுக்கும் முனியனுக்கும் பாட்டிலும் சுருட்டும் வைப்பது இன்றும் நடக்கிறது. ஆனால் 2012 மே மாதம், அமெரிக்காவின் போர்ட்லாண்டில் பர்ன்சைடு என்ற ஆலை ‘காளி மா’ என்று ஒரு பீருக்குப் பெயர் வைத்தபோது நம் மாநிலங்களவையில் அமளி நடந்தது. ஆலை மன்னிப்புக் கேட்டது. கோபம் எனக்குப் புரிகிறது. படையலாக வைப்பது வேறு, அவள் பெயரை ஒட்டிக் காசு பார்ப்பது வேறு. மறுபக்கம், பின்னாளில் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய பெரியார், 1921-ல் காங்கிரஸ்காரராக இருந்தபோது காந்தியின் அழைப்பை ஏற்று, சேலம் தாதம்பட்டித் தோப்பில் 500 தென்னைகளைக் கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று வெட்டிச் சாய்த்தார். கள் விஷயத்தில் ஆத்திகன், நாத்திகன் என்று கட்சி பிரிக்க முடியாது.

பாட்டிலில் ஒட்டிய ஒரு பெயருக்காக நாடாளுமன்றம் பேசுகிறது. பெயரே இல்லாத பானத்தை இறக்கும் பனையேறிக்காக யார் பேசுகிறார்கள்? ஆலையில் அடைத்த பீரை அரசே கடை போட்டு விற்கிறது. கையால் இறக்குவது மட்டும் குற்றம். தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார். அங்கேயும் வடக்கே யாழ்ப்பாணத்திலும் நிற்பது இதே பனை. அங்கே கள்ளைத் தவறணை என்கிற கள்ளுக்கடையில் உட்கார்ந்து சட்டப்படி குடிக்கலாம். இறக்குபவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரே மரத்துக்கு இரண்டு நீதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1987 ஜனவரி 1-ஆம் தேதி வந்த அந்தத் தடையும், அக்கரைத் தவறணையும் அடுத்த வாரம்.

(தொடரும்)