பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தக் கைப்பேசி: பெற்றோரும் ஆசிரியரும் அறிய வேண்டியவை

பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட, தெரிந்ததை எழுதிக் காட்டத் தெரியாமல் மதிப்பெண்ணை இழப்பதுண்டு. பள்ளியோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, வேலைக்கான கடிதம் என எங்கும் நம் பிள்ளைகளுக்கு முன்னால் போய்ப் பேசுவது அவர்களுடைய எழுத்துதான். எழுத்து எழுத எழுதத்தான் வரும். ஆனால் எழுதியதை ஒருவர் படித்து, எது நன்று, எதை மாற்ற வேண்டும் என்று சொல்லவும் வேண்டும்.

அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. 40 பேர் உள்ள வகுப்பில் ஒரு கட்டுரைக்கு 5 நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம் ஆகும். அதாவது 3 மணி 20 நிமிடம். எனவே பல நோட்டுகளில் நான்கு சிவப்புச் சுழியும், 10-க்கு 6 என்ற எண்ணும்தான் இருக்கும். ஆறு ஏன் ஏழாகவில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

எண்ணா, கருத்தா?

கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் கருத்து மட்டும், மற்றொரு பிரிவுக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் திறனிலும் முன்னேறினர். மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது கருத்தின் பயன் மங்கிப்போனது. எண்ணைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நல்ல கருத்து எப்படி இருக்க வேண்டும்? ஜான் ஹாட்டி, ஹெலன் டிம்பர்லி இருவரும் 2007-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை மூன்று கேள்விகளை முன்வைக்கிறது: நான் எங்கே போக வேண்டும்? இப்போது எங்கே இருக்கிறேன்? அடுத்து என்ன செய்ய வேண்டும்? 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' என்பவை இந்த மூன்றில் எதற்கும் விடையாகா.

ஒரு பிள்ளை, 'எங்கள் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை அதிகம். மக்கள் கஷ்டப்படுகிறார்கள்' என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'விரிவாக எழுது' என்பதைவிட, 'யார் கஷ்டப்படுகிறார்கள்? உன் தெருவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? அதை இரண்டு வரியில் எழுது' என்பது கைகொடுக்கும்.

வாட்ஸ்அப்பே போதும்

இதற்கெனத் தனிச் செயலி தேவையில்லை. பிள்ளை தாளில் எழுதட்டும், பொதுத்தேர்வும் தாளில்தான். நல்ல வெளிச்சத்தில் நேராக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் மேல் வாட்ஸ்அப்பில் உள்ள பென்சில் குறியைக் கொண்டு இரண்டு இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். பிறகு மைக் குறியை அழுத்தி ஒரு நிமிடம் பேசுங்கள். முதலில் நன்றாக அமைந்த ஒன்று, அடுத்துத் திருத்த வேண்டிய ஒன்று, கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

எழுதுவதைவிடப் பேசுவது விரைவு. குரலில் உள்ள கனிவும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதைக் கேட்டு, 'ஆசிரியர் சொன்னதைச் செய்துவிட்டாயா?' என்று கேட்க முடியும்.

கருத்தைத் தனியாகவே அனுப்புங்கள். வகுப்புக் குழுவில் ஒருவரின் பிழையைப் போட்டால் அந்தப் பிள்ளை அடுத்த கட்டுரையை அனுப்பத் தயங்கும்.

தட்டச்சு செய்யத் தெரிந்த கல்லூரி மாணவருக்குக் கூகுள் டாக்ஸ் பொருத்தம். அதில் குறிப்பிட்ட வரியைத் தேர்ந்தெடுத்து அதன் ஓரத்திலேயே கருத்து எழுதலாம். மாணவரும் அங்கேயே பதில் சொல்லலாம்.

பிழை திருத்தும் செயலிகள்

ஆங்கிலத்துக்குக் கிராமர்லி பலருக்கும் தெரிந்தது. தமிழுக்கு நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' எழுத்துப்பிழை திருத்தி இணையத்தில் இருக்கிறது. இவை உதவும், ஆனால் எல்லை உண்டு. 'நான் பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதினால், பல்லி என்பதும் சரியான சொல் என்பதால் பிழை தப்பிவிடலாம். கருத்து வலுவாக இருக்கிறதா என்பதையும் இவை சொல்லமாட்டா.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் எதைக் கேட்கிறோம் என்பதே முக்கியம். 'கட்டுரை எழுதித் தா' என்று கேட்டால் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. 'திருத்தாதே, எந்த இடம் தெளிவாக இல்லை என்று மட்டும் சொல்' என்று கேட்டால் சிந்திக்க வேண்டியவர் மாணவராகவே இருப்பார். அது சொல்வதிலும் தவறு வரும்; ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனம் தேவை

வாட்ஸ்அப் கணக்குக்குக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தாய் அல்லது தந்தையின் எண்ணுக்கே கருத்தை அனுப்புங்கள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே நோட்டின் படம் மட்டும் போதும்; பிள்ளையின் முகமோ முகவரியோ படத்தில் வர வேண்டாம். ஆசிரியர் அனுப்பும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

எப்படித் தொடங்குவது?

நம் மாலை நேர வகுப்புகளில் கற்பிக்கும் தன்னார்வலர்கள் ஆளுக்கு 5 பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு 5 நிமிடம் வீதம் வாரத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. வாரம் ஒரு கட்டுரை, ஒரு நிமிடக் கருத்து. ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: கருத்தைக் கேட்டபின் பிள்ளை அதே கட்டுரையை மீண்டும் எழுதி அனுப்ப வேண்டும். திருத்தி எழுதாவிட்டால் சொன்ன கருத்து காற்றோடு போய்விடும். மதிப்பெண் போடுவதாக இருந்தால், அந்த இரண்டாவது கட்டுரைக்குப் போடுங்கள்.